பதினைந்து நிமிடம், ஒரே ஒரு கோரிக்கை: பெண்கள் பாதுகாப்புக்காக மக்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கப் போகும் தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனபோது நாங்கள் ஆறு பேர். கையில் பதினான்கு கோரிக்கைகள் அடங்கிய மனு. பெண்கள் காப்பகம், வேலையிடத்தில் பாலியல் தொல்லை, இணைய மிரட்டல், காவல் நிலையத்தில் பெண் அதிகாரிகள், தெருவிளக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாமே நியாயமான கோரிக்கைதான், கண்டிப்பாப் பார்க்கிறேன்" என்றார். சேர்ந்து நின்று ஒரு போட்டோ. பன்னிரண்டு நிமிடத்தில் நல்ல சந்தோஷத்தோடு வெளியே வந்துவிட்டோம். படியிறங்கும்போது அவருடைய உதவியாளர் பின்னாலேயே வந்து, "இதுல முதல்ல எதை எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஆறு பேரும் ஆறு பதில் சொன்னோம். அவர் சிரித்தபடி மனுவை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். அப்புறம் அந்தக் கோப்பை யாராவது திறந்தார்களா என்பது சந்தேகம்தான்.

அந்தப் படிக்கட்டில் பட்ட அவமானத்திலிருந்து நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். 'லாபி' என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குப் பெட்டி கைமாறுவதுதான் நினைவுக்கு வருகிறது. காசு கொடுக்காமல், பதவி எதிர்பார்க்காமல், ஓட்டுப் போடுகிறவர் என்ற ஒரே தகுதியோடு போய் உட்கார்ந்து "இதைச் செய்யுங்கள்" என்று கேட்பதும் அதே வேலைதான். எந்த நாட்டில் இருந்தாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். சபையின் பெயரும் விதிகளும் மாறும், அவற்றை நீங்கள் உங்கள் ஊருக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: பதினான்கை ஒன்றாக்குங்கள்

"பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்று சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் தலையாட்டுவார். தலையாட்டுவதோடு அவருடைய வேலை முடிந்துவிடும். அதனால் சிக்கல் எந்த இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கும்.

சட்டமே இல்லாமல் இருக்கலாம். அல்லது இருக்கிற சட்டத்தில் ஓட்டை இருக்கலாம். ஒரு பெண்ணின் பாவாடைக்குள் அவருக்குத் தெரியாமல் படம் எடுப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019 வரை தனிக் குற்றமாக இல்லை. பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் அது முன்பே குற்றம். 2017-இல் ஓர் இசை விழாவில் ஜினா மார்ட்டின் என்ற இளம்பெண்ணுக்கு இது நடந்தது. போலீசிடம் போன பிறகும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்ற பதில்தான் கிடைத்தது. அவர் சட்டம் படித்தவர் இல்லை, அமைப்பு எதுவும் வைத்திருக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: இதைப் பாலியல் குற்றமாகச் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வகையில் சட்டம் நன்றாகவே இருக்கும், நடத்த ஆளும் பணமும் இருக்காது. இந்தியாவின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் நிறைவேறியது, 2006 அக்டோபர் 26-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் பாலமாக இருக்க வேண்டிய 'பாதுகாப்பு அலுவலர்' பொறுப்பு பல இடங்களில் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியின் தலையில் கூடுதலாகக் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் "புதிய சட்டம் கொண்டு வாருங்கள்" என்று கேட்பது வீண். பணியிடமும் பணமும் கேட்க வேண்டும்.

நான்காவது, சட்டமே தீங்கு செய்வது. லெபனானின் தண்டனைச் சட்டம் 522-ஆம் பிரிவின்படி, பாலியல் வன்முறை செய்தவன் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் வழக்கிலிருந்து தப்பிவிடலாம். 2017 ஏப்ரலில் பெய்ரூத் கடற்கரைச் சாலையில் 31 திருமண உடைகளைத் தூக்குக் கயிற்றில் தொங்குவதுபோல் கட்டிவிட்டார்கள். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உடை. பார்த்தவர்கள் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. கோரிக்கையும் இரண்டே சொல்: 522-ஐ நீக்குங்கள். அந்த ஆகஸ்டில் நீக்கினார்கள். அதே ஆண்டில் துனிசியாவும் ஜோர்டானும் தங்கள் சட்டங்களில் இருந்த இதேபோன்ற விதிகளைக் கைவிட்டன.

எந்த வகை என்று தெரிந்த பிறகு கோரிக்கையை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். எங்கள் குழுவின் முதல் வரைவு இப்படி இருந்தது: "பெண்கள் காப்பகங்களை மேம்படுத்த உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்." யார் எடுக்க வேண்டும்? எந்த நடவடிக்கை? உடனடி என்றால் எந்தத் தேதி? ஒன்றும் இல்லை. மூன்று கூட்டம் போட்டு, கொஞ்சம் சண்டையும் போட்டு, கடைசியில் வந்தது இது: "வரும் கூட்டத்தொடரில், பெண்கள் காப்பகங்களில் மாவட்டவாரியாக எத்தனை படுக்கைகள் உள்ளன, இடமில்லை என்று கடந்த ஆண்டு எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று துறை அமைச்சரிடம் நீங்கள் எழுத்துமூலம் கேள்வி கேட்க வேண்டும்."

ரொம்பச் சின்னக் கோரிக்கையாக இருக்கிறதே என்று எங்களில் இரண்டு பேருக்கு வருத்தம். ஆனால் இதற்கு அவர் ஆம் அல்லது இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதோடு, கேள்விக்கு வரும் பதில் அரசே தருகிற ஆதாரமாகிவிடுகிறது. அடுத்த கோரிக்கையை அதன்மேல் கட்டலாம். மீதிப் பதின்மூன்றையும் தூக்கிப் போட வேண்டாம், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றுக்கும் முறை வரும்.

படி 2: யாரிடம் கேட்பது?

தன்னார்வலர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மக்கள் பிரதிநிதியால் எல்லாம் முடியும் என்று நினைத்துக்கொண்டு போவோம். ஒரு குறிப்பிட்ட வழக்கில் இன்னாரைக் கைது செய் என்று போலீசுக்கு உத்தரவு போடுவது அவருடைய வேலை கிடையாது, போடவும் கூடாது. அவர் கையில் இருக்கும் கருவிகள் வேறு: சபையில் கேள்வி கேட்கலாம், விவாதத்தில் பேசலாம், அரசு கொண்டுவரும் மசோதாவுக்குத் திருத்தம் கொடுக்கலாம், தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் மசோதா) கொண்டு வரலாம், சபையின் குழு ஒன்றில் இருந்தால் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கச் சொல்லலாம், பட்ஜெட் நேரத்தில் ஒரு தலைப்பின்கீழ் ஏன் பணம் குறைந்தது என்று கிளறலாம், அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம். உங்கள் கோரிக்கை இவற்றில் ஏதாவது ஒன்றோடு பொருந்த வேண்டும்.

உங்கள் விஷயம் தேசிய சபையின் அதிகாரத்தில் வருகிறதா, மாநில அல்லது மாகாண சபையிடம் இருக்கிறதா, உள்ளாட்சியின் வேலையா என்று பாருங்கள். தெருவிளக்குக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போனால் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

அப்புறம் ஆட்களைப் பட்டியல் போடுங்கள். முதலில் உங்கள் சொந்தத் தொகுதிக்காரர். அவருக்கு உங்கள் ஓட்டு வேண்டும் என்பதால் கதவு திறக்கும். அடுத்து, அந்தத் துறைக்கான குழுவில் இருப்பவர்கள். பிறகு, இதே விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே சபையில் பேசியவர்கள். சபைக் குறிப்புகளை ஒரு மாலை உட்கார்ந்து புரட்டினாலே இவர்கள் கிடைத்துவிடுவார்கள். எதிர்க்கட்சி என்று யாரையும் ஒதுக்க வேண்டாம். ஒரே கட்சியின் கோரிக்கையாகப் பெயர் வாங்கிவிட்டால், அந்தக் கட்சி தோற்ற அன்றே கோரிக்கையும் தோற்றுவிடும்.

யார் எதிர்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே தேடுங்கள். மேலே சொன்ன பிரிட்டன் கதையில், வெரா ஹோப்ஹவுஸ் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அரசும் ஆதரிக்கத் தயார். 2018 ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் மசோதா சபைக்கு வந்தபோது, கிறிஸ்டபர் சோப் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் "ஆட்சேபிக்கிறேன்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அந்த நேரத்தில் தனிநபர் மசோதாவை நிறுத்த அந்த ஒரு சொல் போதும் என்பது அந்தச் சபையின் விதி. மசோதா அப்படியே நின்றது. பெண்கள் பாதுகாப்புக்கு எதிரானவர் என்று ஊரே அவரைத் திட்டியது; விவாதமே இல்லாமல் மசோதாக்கள் நிறைவேறுவதைத்தான் எதிர்த்தேன் என்றார் அவர். பொதுமக்களின் கோபத்தைப் பார்த்து அரசு தன் சொந்த மசோதாவாகவே கொண்டு வந்தது, 2019 ஏப்ரலில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையும் என்று நம்பிப் போக முடியாது. சபை விதிகளைப் படிப்பது அலுப்பான வேலைதான், ஆனால் குழுவில் ஒருவராவது படித்திருக்க வேண்டும்.

படி 3: ஆதாரம்

நிறைய வேண்டாம், உறுதியானது வேண்டும். உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறையாவது உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நல்ல தொடக்கம்தான். ஆனால் தன் தொகுதி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு அது தூரத்து எண். உங்கள் பகுதியில் எத்தனை புகார் பதிவானது, எத்தனை வழக்கு எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கிறது, காப்பகத்தில் எத்தனை படுக்கை என்பதுதான் அவரை நிமிர வைக்கும். தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாட்டில் இருந்தால் சந்திப்புக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "புகார்கள் இருமடங்கு ஆகிவிட்டன, ஆகவே குற்றமும் இருமடங்கு" என்று சொல்லிவிடாதீர்கள். புகார் கொடுக்கும் துணிச்சல் கூடியிருக்கலாம், பதிவு செய்யும் முறை மாறியிருக்கலாம். எதிரில் இருப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் இந்த ஒரு தவறிலேயே உங்கள் மொத்தக் குறிப்பையும் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் நாடு உலகத்துக்குக் கொடுத்த வாக்குறுதிகளையும் தேடி எடுங்கள். பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979-இல் ஏற்றது. இன்று 189 நாடுகள் அதில் இருக்கின்றன. அதில் சேர்ந்த நாடுகளை 23 வல்லுநர்கள் கொண்ட குழு குறிப்பிட்ட கால இடைவெளியில் விசாரித்து, இன்ன குறையைச் சரிசெய் என்று எழுத்தில் சொல்கிறது. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலும் ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளையும் சுமார் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்துப் பரிசீலிக்கிறது. எந்தப் பரிந்துரையை உங்கள் அரசு "ஏற்கிறோம்" என்றது என்பது அந்த அறிக்கையிலேயே இருக்கும். வேலையிட வன்முறை உங்கள் விஷயம் என்றால், 2019-இல் நிறைவேறி 2021-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையில் உங்கள் நாடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றை மேடையில் முழங்குவதற்காகச் சொல்லவில்லை. "வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதை நாம் ஏன் கேட்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், "ஏற்கிறோம் என்று சொன்னது நம் அரசுதானுங்க" என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். காப்பகங்களுக்கு அளவுகோல் வேண்டுமென்றால், பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பாவின் இஸ்தான்புல் உடன்படிக்கைக்கான விளக்கக் குறிப்பு 10,000 மக்கள்தொகைக்கு ஒரு குடும்பம் தங்கும் இடம் என்கிறது. உங்கள் நாடு அதற்குக் கட்டுப்பட்டதாக இல்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

படி 4: பாதிக்கப்பட்டவரின் கதை அவருடையது

ஒரு உண்மைச் சம்பவம் நூறு எண்களைவிட ஆழமாக இறங்கும் என்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்வார்கள். சரிதான். அதைக் கேட்டுவிட்டு, நேற்றுத்தான் அடிபட்டு வந்த பெண்ணை இன்று அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிக்கொண்டு அலையும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

அவர் பேச விரும்புகிறாரா என்று தனியாகக் கேளுங்கள், குழுவின் முன்னால் வைத்துக் கேட்டால் மறுக்க முடியாது. யார் முன்னால், எவ்வளவு நேரம், எது வரைக்கும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். சந்திப்புக்குப் போகும் வழியில் மனம் மாறினாலும் "ஏன்" என்று கேட்கக் கூடாது. போட்டோவில் அவர் நிற்க வேண்டியதில்லை. போட்டோவே வேண்டாம் என்று அலுவலகத்திடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் சொன்னால் கேமராக்காரர் கேட்க மாட்டார். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே பல நாடுகளில் குற்றம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வேலை, பிள்ளைகளின் வயது மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அவருடைய வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நேரில் வராமலேயே அவர் தன் கையால் எழுதிக்கொடுத்த அரைப் பக்கத்தை இன்னொருவர் வாசிக்கலாம். எங்கள் அனுபவத்தில் அதுவே போதும். அப்படி ஒருமுறை வாசித்தபோது, அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் அதைக் கவிழ்த்து வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இவங்க இப்ப எங்க தங்கியிருக்காங்க?" பதில் எங்களிடம் தயாராக இருந்தது: "தெரிஞ்சவங்க வீட்டுலங்க. காப்பகத்துல இடம் இல்ல." எங்கள் கோரிக்கை அங்கேயே வந்து நின்றது.

படி 5: ஒரு பக்கக் குறிப்பு

ஒரே ஒரு தாள். மேலே கோரிக்கை, தடித்த எழுத்தில். அடுத்து, ஏன் என்று நாலைந்து வரி. பிறகு இரண்டே எண்கள், அவை எங்கிருந்து எடுத்தவை என்பதோடு. சட்டப் பிரிவு எண் இருந்தால் அதுவும். கீழே, தொடர்புகொள்ள ஒருவருடைய பெயரும் எண்ணும். ஆறு பேருடையது வேண்டாம். நீண்ட அறிக்கை இருந்தால் பின்னிணைப்பாகக் கொடுங்கள், படிக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்கச் சொல்கிறீர்கள் என்றால் அந்தக் கேள்வியையே சபை ஏற்கும் வடிவத்தில் எழுதிக் கொண்டு போங்கள். திருத்தம் கேட்டால் திருத்தத்தின் வாசகத்தைக் கொண்டு போங்கள். உதவியாளர் அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பிவிட முடிந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

படி 6: நேரம் வாங்குவது

தொகுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அல்லது கடிதம், மூன்று நாள் கழித்துப் போன். நீங்கள் அந்தத் தொகுதிக்காரர் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். சபை நடக்கும் நாட்களைவிட இடைப்பட்ட நாட்கள் நல்லது, அதேசமயம் கேள்வி கொடுக்கும் கெடு தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். அவர் வரவில்லை, உதவியாளரைத்தான் பார்க்க முடியும் என்றால் முகம் சுளிக்காதீர்கள். கோப்பைத் திறப்பதும் திறக்காமல் விடுவதும் அந்த உதவியாளர்தான்.

படி 7: அந்தப் பதினைந்து நிமிடம்

மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. ஒருவர் பேச்சை நடத்த, ஒருவர் சம்பவத்தைச் சொல்ல, ஒருவர் வாயைத் திறக்காமல் குறிப்பெடுக்க. முன்தினம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். குழுவிலேயே குதர்க்கமான ஆள் ஒருவர் இருப்பார், அவரை உறுப்பினராக நடிக்கச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

உள்ளே போனதும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் கோரிக்கையைச் சொல்லிவிடுங்கள். நடுவில் அவருக்கு ஒரு போன் வரும், எழுந்து போய்விடலாம். அவர் முன்பு செய்த நல்லது ஏதாவது இருந்தால் ஒரு வரியில் நினைவுபடுத்துங்கள், உண்மையாக இருந்தால் மட்டும்.

பெரும்பாலான சந்திப்புகள் சறுக்குவது கடைசி மூன்று நிமிடத்தில். இப்படி:

"நல்ல விஷயம்தாங்க. கண்டிப்பாப் பார்க்கிறேன்."

இங்கே நன்றி சொல்லி எழுந்துவிட்டால் போட்டோதான் மிச்சம். குறிப்பெடுப்பவர் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது. பேச்சை நடத்துபவர் மெதுவாக:

"ரொம்ப நன்றிங்க. அப்படின்னா வர்ற கூட்டத்தொடர்ல இந்தக் கேள்வியைக் கொடுத்துடலாமா? வரைவு இதுல இருக்கு."

"கட்சியில ஒரு வார்த்தை கேட்கணும்."

"கேளுங்க. எப்ப தெரியும்னு சொன்னீங்கன்னா அன்னைக்கு உங்க ஆபீசுக்குப் போன் பண்றோம்."

"ம்... அடுத்த வாரம் வியாழக்கிழமை பண்ணுங்க."

வியாழக்கிழமை. அவ்வளவுதான் வேண்டும். அதை அவர் கண்முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்க் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். "இருக்கிற சட்டமே போதும்" என்றால், சட்டம் போதாத இடத்தைப் பிரிவு எண்ணோடு காட்டுங்கள். "பொய்ப் புகார் கொடுக்கிறார்களே" என்றால் ஆத்திரப்படாதீர்கள். பொய் வழக்குக்கு ஏற்கெனவே என்ன தண்டனை சட்டத்தில் உண்டு என்று சொல்லிவிட்டுக் கோரிக்கைக்குத் திரும்புங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் "விசாரிச்சு இரண்டு நாள்ல அனுப்புறோம்" என்று சொல்லுங்கள். மறுபடி தொடர்புகொள்ள நல்ல காரணமும் கிடைக்கும்.

ரொம்பச் சிக்கலான பதில் ஆதரவாளரிடமிருந்து வரும்: "இவனுங்களையெல்லாம் தூக்குல போடணும். அதுக்குச் சட்டம் கொண்டு வரேன்." அறையில் எல்லோரும் தலையாட்டத் தோன்றும். மனித உரிமை பேசப் போன நாம் இங்கே நிதானமாக இருக்க வேண்டும். 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவுக்குச் சுமார் 80,000 யோசனைகள் வந்து குவிந்தன. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். 29 நாட்களில் வேலையை முடித்து 2013 ஜனவரி 23-இல் அறிக்கை கொடுத்த அந்தக் குழு, பாலியல் வன்முறைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. போலீஸ் சீர்திருத்தம், புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்குத் தண்டனை, திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வைக் குற்றமாகக் கருதாத விலக்கை நீக்குவது என்று அது வேறு திசையில் போனது. அதன் பிறகு வந்த சட்டம் சில சூழ்நிலைகளுக்கு மரண தண்டனையைச் சேர்த்தது, திருமண விலக்கைத் தொடாமல் விட்டது. ஆகவே, "உங்க கோபம் எங்களுக்கும் இருக்குங்க. ஆனா புகாரே பதிவாகலைன்னா எந்தத் தண்டனையும் கிட்ட வராது. முதல்ல இதைக் கேளுங்க" என்று கோரிக்கைக்கே திரும்பி வாருங்கள்.

படி 8: திரும்பப் போங்கள்

அன்று இரவே நன்றிக் கடிதம். அதில் அவர் ஒப்புக்கொண்டதை ஒரு வரியில் எழுதுங்கள்: "வரும் கூட்டத்தொடரில் கேள்வி கொடுப்பதாகச் சொன்னதற்கு நன்றி." கேட்ட கூடுதல் தகவலை இணையுங்கள். சொன்ன வியாழக்கிழமை போன் செய்யுங்கள். குழுவுக்குப் பொதுவாக ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது, யார் பொறுப்பு. ஆட்கள் மாறினாலும் நினைவு மாறாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

செய்து கொடுத்தால் பொதுவெளியில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், தாராளமாக. செய்யாவிட்டால் உடனே பொதுவெளியில் திட்டாதீர்கள். ஏன் முடியவில்லை என்று கேட்டு இன்னொரு சந்திப்பு வாங்குங்கள். மூன்றாவது தடவையும் நழுவினால், அவருடைய தொகுதி மக்களிடம் விஷயத்தை எடுத்துப் போகலாம். கடிதங்களில் ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் பிரதியெடுத்து அனுப்புவதைவிட, இருபது பேர் சொந்த வார்த்தையில் எழுதினால் அலுவலகத்தில் படிப்பார்கள்.

காலக்கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது; நாடாளுமன்றச் சட்டம் வந்தது 2013-இல். பதினாறு ஆண்டு. மாறாக நியூசிலாந்தில், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சம்பளத்தோடு பத்து நாள் விடுப்புத் தரும் சட்டம், ஜான் லோகி என்ற உறுப்பினரின் தனிநபர் மசோதாவாகவே 2018-இல் நிறைவேறியது. வாக்குகள் 63-க்கு 57. குழுவில் பதினெட்டு வயதுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு, சில மாற்றங்களுக்கு அந்தப் பதினாறு ஆண்டுபோல் நீண்ட காலம் பிடிப்பதுதான் காரணம்.

படி 9: உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பரிசு, விருந்து, பயணச் செலவு எதுவும் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம், ஒரு பொன்னாடைகூட வேண்டாம் என்பேன். சில நாடுகளில் லாபி செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் கட்சிக்கு ஆதரவாகப் பேசத் தடை உண்டு. ஆரம்பத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். தேர்தல் நேரத்தில் எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குவது பாதுகாப்பானது, பிறகு நல்ல பிடிமானமும்கூட.

பெண்கள் பாதுகாப்பு பற்றிப் பேசும் பெண்களுக்கே முதலில் மிரட்டல் வரும். தொடர்பு எண்ணாகச் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்காமல் குழுவுக்கென்று ஒன்று வாங்குங்கள். வீட்டு முகவரி எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் தேதியோடு சேமித்து வையுங்கள். உங்கள் கூட்டங்களில் யாராவது தனக்கு நடந்ததைச் சொல்லி உதவி கேட்பார், நிச்சயம் கேட்பார். நாமே தீர்த்துவைக்கிறோம் என்று இறங்காமல், உங்கள் பகுதியின் உதவி எண், சட்ட உதவி, மருத்துவமனை விவரங்களை முன்பே விசாரித்துக் கையில் வைத்திருங்கள். அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள், எடுக்கிறார்களா என்று.

படி 10: சட்டம் வந்த பிறகு

கைதட்டல் ஓய்ந்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். சட்டம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டதா? விதிகள் எழுதப்பட்டனவா? இந்த ஆண்டு பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறதா? எதுவுமே இல்லாமல் சட்டம் மட்டும் புத்தகத்தில் இருப்பது சாதாரணமாக நடக்கும். வாசகத்தையும் மறுபடி படியுங்கள். லெபனானில் 522 போன பிறகும், சிறுவயதுப் பெண்கள் தொடர்பான வேறு பிரிவுகளில் திருமணத்தைக் காட்டித் தப்பும் வழி மிச்சம் இருந்தது.

சட்டத்துக்குக் காலாவதி உண்டா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் திட்டங்களுக்கான அங்கீகாரத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2019 தொடக்கத்தில் அது காலாவதியாகி, 2022 மார்ச்சில்தான் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. இஸ்தான்புல் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு துருக்கி, 2012-இல். 2021-இல் ஜனாதிபதியின் ஓர் ஆணையால் அதே நாடு வெளியேறிவிட்டது.

எங்கள் காப்பகக் கேள்விக்கு அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. படுக்கைகளின் எண்ணிக்கை மாவட்டவாரியாக இருந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பற்றி ஒரே வரி: "இத்தகைய விவரம் பராமரிக்கப்படுவதில்லை." உதவியாளர் அதைப் படமெடுத்து அனுப்பி, கீழே "அடுத்து?" என்று கேட்டிருந்தார். இந்தத் தடவை எங்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: அந்த விவரத்தைப் பராமரிக்க உத்தரவிடுமாறு அமைச்சருக்கு ஒரு கடிதம். வரைவை மாலையிலேயே அனுப்பிவிட்டோம்.